காரைக்குடியிலிருந்து கேதார்நாத், பத்ரிநாத்: முதல் தடவை போகிறவர்களுக்கு

பத்ரி, கேதார் போகலாம் என்று பேச்சு எடுத்ததும் நம் பக்கத்தில் எல்லாரும் முதலில் கேட்பது தலைக்கு எவ்வளவு ஆகும் என்பதைத்தான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கூட வரப்போகிறவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, அதில் ஆக மெதுவாக நடக்கிறவர் யார் என்று பாருங்கள். மூட்டுவலி அப்பத்தாவா, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற சித்தப்பாவா, யாராக இருந்தாலும் சரி, எத்தனை நாள், எந்தக் கோயில், எந்த மாதம், நடையா குதிரையா என்ற எல்லாவற்றையும் அவரை வைத்துத்தான் முடிவு செய்யணும். வேகமாக நடக்கிற இளவட்டங்கள் திட்டம் போட்டுப் பெரியவர்களை அதற்குள் திணிப்பதால்தான், பாதிக் கூட்டம் கேதார்நாத் ஏற்றம் தொடங்குகிற கௌரிகுண்டில் உட்கார்ந்திருக்க மீதிப் பேர் மட்டும் மேலே போய்த் திரும்புகிற கதை நடக்கிறது.

நாலு வேண்டாம், இரண்டு போதும்

உத்தராகண்டில் சார்தாம் என்பது யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் என்ற நான்கு. டிராவல்ஸ்காரர்கள் நான்கையும் ஒரே மூச்சில் விற்பார்கள். முதல் தடவை போகிறவர்கள், அதிலும் பெரியவர்களோடு போகிறவர்கள், கேதார்நாத்தையும் பத்ரிநாத்தையும் மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி. யமுனோத்ரிக்கும் கடைசியில் செங்குத்தான நடை இருக்கிறது, அதை முடித்த கால்களோடு உடனே கேதார்நாத் ஏறுவது பெரியவர்களுக்குத் தண்டனை. கங்கோத்ரிக்கு வண்டி கோயில் வரைக்கும் போகும், ஆனால் போகவர நாட்கள் பிடிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த இரண்டும் நமக்கு வெறும் வடநாட்டுக் கோயில்கள் அல்ல. கேதார்நாத் என்பது சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரம். பத்ரிநாத் நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று, வதரியாச்சிராமம் என்று நம் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். அந்த வழியிலேயே தேவப்பிரயாகை, கண்டமென்னும் கடிநகர், இன்னொரு திவ்யதேசம். ஜோஷிமடத்தைத் திருப்பிரிதி என்று கொள்கிறவர்கள் உண்டு. ஆக ஒரு பாடல் பெற்ற தலமும் மூன்று திவ்யதேசமும் ஒரே பயணத்தில் வந்துவிடுகின்றன. டிராவல்ஸ் வண்டி தேவப்பிரயாகையில் நிற்காமல் போய்விடும், டிரைவருக்கு அது வழியில் ஒரு ஊர், அவ்வளவுதான். வண்டி பேசும்போதே அங்கே இரண்டு மணி நேரம் நிற்கணும் என்று சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மலையே ஏற முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் பத்ரிநாத் மட்டும் போகலாம், கோயிலுக்குப் பக்கம் வரை வண்டி போகும். அதுவும் முடியாது என்றால் காசி. காசியில் கோதௌலியாவில் இருக்கும் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் 1813இல் ஏற்பட்டது, அங்கிருந்துதான் இன்றைக்கும் விசுவநாதர் பூஜைக்குப் பொருள்கள் ‘சம்போ’ முழக்கத்தோடு கோயிலுக்குப் போகின்றன. நம் சாப்பாடும் நம் பேச்சும் இருக்கிற இடம், வயதானவர்களுக்கு அது பெரிய தெம்பு. ஆனால் இமயமலைப் பயணத்தோடு காசியை ஒட்டவைக்காதீர்கள். ஹரித்வாரிலிருந்து காசி பக்கத்து ஊர் கிடையாது, ஒரு ராத்திரி ரயில் பயணம். சேர்த்துத்தான் போவேன் என்றால் மலையை முதலில் முடித்துவிட்டுக் காசியில் போய் ஓய்வெடுங்கள்.

எந்த மாதம்

இந்தக் கோயில்கள் வருடம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. கங்கோத்ரி, யமுனோத்ரி நடை அட்சய திரிதியையை ஒட்டித் திறக்கும். கேதார்நாத் திறக்கும் நாளை மகா சிவராத்திரி அன்று ஊக்கிமடத்தில் அறிவிப்பார்கள், பத்ரிநாத் நாளை வசந்த பஞ்சமி அன்று நரேந்திரநகர் அரண்மனையில் அறிவிப்பார்கள். நம் கணக்கில் சித்திரை, வைகாசியில் திறப்பு. தீபாவளி முடிந்து இரண்டு நாளில் கேதார்நாத் மூடிவிடும், பத்ரிநாத் இன்னும் சில வாரம் ஓடும். பனிக்காலத்தில் கேதார்நாதருக்கு ஊக்கிமடத்தில்தான் பூஜை.

வைகாசியில் கூட்டம் நெரியும், பள்ளிக்கூட விடுமுறை வடக்கேயும் அப்போதுதான். ஆடி, ஆவணி வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் அந்த மலை எப்படி என்று 2013 ஜூன் 16, 17 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி உடைத்துக்கொண்டு வந்து கேதார்நாத் ஊரையே அடித்துப் போனது, வழியில் இருந்த ராம்பாரா என்ற ஊர் இன்றைக்கு இல்லை. கோயிலுக்குப் பின்னால் வந்து நின்று வெள்ளத்தைப் பிரித்துவிட்ட பாறையைப் பீமசிலை என்று கும்பிடுகிறார்கள். அது ஒரு தடவை நடந்ததோடு போய்விடவில்லை, 2024 ஜூலை 31 மழையில் நடைபாதை உடைந்து ஆயிரக்கணக்கானவர்களை மீட்க வேண்டியிருந்தது, 2025 ஆகஸ்ட் 5 அன்று கங்கோத்ரி வழியில் தராலி கிராமம் சேற்றில் புதைந்தது. புரட்டாசி பிற்பாதியிலிருந்து ஐப்பசியில் தீபாவளி வரைக்கும்தான் நல்ல நேரம். வானம் தெளிந்திருக்கும், கூட்டம் வடிந்திருக்கும், குளிர் மட்டும் கூடுதல். ஆயுதபூஜை விடுமுறையோடு சேர்த்துப் போகிறவர்கள் நிறைய.

நாள் கணக்கு

ஹரித்வாரில் இறங்கி மறுபடி ஹரித்வாரில் ஏறும் வரை எட்டு நாள் என்று வைத்துக்கொண்டு, அதன்மேல் இரண்டு நாளைச் சும்மா விடுங்கள். மலையில் ஒரு மண்சரிவு வந்தால் ஒரு நாள் போச்சு. திரும்பும் ரயிலையும் விமானத்தையும் நெருக்கிப் பிடித்துப் போட்டால் அந்தப் பதற்றமே தரிசனத்தைத் தின்றுவிடும். யாரும் விற்காத இரண்டு நாள் இவை, நீங்களாகத்தான் சேர்க்கணும்.

முதல் நாள் ஹரித்வார் அல்லது ரிஷிகேஷ், ஓய்வு, சாயங்காலம் கங்கா ஆரத்தி. இரண்டாம் நாள் தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை வழியாகக் குப்தகாசி. மூன்றாம் நாள் சோன்பிரயாக் போய், அங்கே உங்கள் வண்டியை விட்டுவிட்டு உள்ளூர் ஜீப்பில் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கௌரிகுண்ட், அங்கிருந்து ஏற்றம். ராத்திரி மேலேயே தங்கல். நான்காம் நாள் தரிசனம், இறக்கம். ஐந்தாம் நாள் கால் வீங்கியிருக்கும், கொஞ்ச தூரம் மட்டும் வண்டி, ஊக்கிமடத்தில் ஓங்காரேஸ்வரர் தரிசனம், அப்புறம் சோப்டா வழியாகச் சமோலி. ஆறாம் நாள் ஜோஷிமடம், பத்ரிநாத். ஏழாம் நாள் மாணா கிராமம் பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கணும், எட்டாம் நாள் ரிஷிகேஷ். இருட்டிய பிறகு மலைப்பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள், அதனால் தினமும் காலை ஐந்து, ஐந்தரைக்குக் கிளம்பப் பழகிக்கொள்ளுங்கள். சோப்டாவில் துங்கநாத் பலகையைப் பார்த்ததும் யாராவது ஒருவர் இதையும் பார்த்துவிடலாமே என்பார். கேதார்நாத்தைவிட உயரமான கோயில் அது. தாளில் எழுதி வைத்த அந்த மெதுவான ஆளைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

பதிவும் பெயரும்

யாத்திரைக்குப் பதிவு கட்டாயம். உத்தராகண்ட் சுற்றுலாத் துறையின் பதிவுத் தளத்திலோ டூரிஸ்ட் கேர் உத்தராகண்ட் செயலியிலோ ஆதார் எண்ணோடு செய்யலாம், எந்தக் கோயிலுக்கு எந்தத் தேதி என்று கேட்கும். தினமும் இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்கிற வருடங்களும் உண்டு, அதனால் பதிவு திறந்ததும் முதல் வேலையாக இதை முடித்துவிட்டு அந்தத் தேதிகளுக்கு ஏற்ப மற்றதை அமையுங்கள். வண்டி, அறை எல்லாம் போட்டுவிட்டுப் பதிவுக்கு உட்காருவது தலைகீழ் வேலை. கியூஆர் கோடு உள்ள அந்தச் சீட்டைக் காகிதத்தில் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள், மலையில் செல்போன் செத்துப்போனாலும் காகிதம் சாகாது.

நம் ஊர்க்காரர்களுக்கு என்று தனித் தொல்லை ஒன்று இருக்கிறது. வீட்டு விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்துகள், ராம. மு. சி. என்று நீளமாகப் போகும், ஆதாரில் ஒரு மாதிரி இருக்கும், ரயில் டிக்கெட்டில் இன்னொரு மாதிரி, வங்கிக் கணக்கில் வேறு மாதிரி. வடக்கே படிவங்கள் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வைத்துக் கேட்கும். எல்லா இடத்திலும் ஆதாரில் உள்ளது உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, புள்ளி இருந்தால் புள்ளியோடு போடுங்கள். சோன்பிரயாக்கில் வரிசையில் நின்றுகொண்டு முதலெழுத்தின் வரலாற்றை இந்தியில் விளக்க உங்களால் முடியாது.

ஹெலிகாப்டரில் கேதார்நாத் போக நினைக்கிறவர்கள் ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா தளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். குப்தகாசி, பாட்டா, சேர்சி என்ற மூன்று இடங்களிலிருந்து போகிறது. வாட்ஸப்பில் கன்ஃபார்ம் டிக்கெட் என்று வருவதெல்லாம் மோசடி, கூகுளில் முதலில் வருகிற தளமும் போலியாக இருக்கலாம். யாத்திரைப் பதிவு இல்லாமல் ஹெலிகாப்டர் டிக்கெட்டும் கிடையாது. மேகம் இறங்கினால் பறக்காது, பறக்கவும் கூடாது. 2025 ஜூன் 15 அன்று கௌரிகுண்ட் பக்கம் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேரும் போய்விட்டார்கள். ஆகவே ஹெலிகாப்டர் டிக்கெட் கையில் இருந்தாலும் அந்த இரண்டு உபரி நாளை விட்டுவிடாதீர்கள். சோன்பிரயாக்கிலிருந்து 12.9 கிலோமீட்டர் ரோப் கார் போடுவதற்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் கொடுத்திருக்கிறது, வந்தால் 36 நிமிடம்தான் என்கிறார்கள். வரட்டும். அதற்காகக் காத்திருந்தால் அப்பத்தாவுக்கு வயது ஏறிக்கொண்டே போகும்.

ரயிலா, விமானமா

ரயிலில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான், முன்பு போல நாலு மாதம் முன்னால் போட முடியாது. அதிகாலையில் காரைக்குடியில் பல்லவனில் ஏறினால் மதியம் எழும்பூர், இரவு 10 மணிக்குச் சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், இரண்டு ராத்திரி கழித்துக் காலையில் டெல்லி. அங்கிருந்து ஹரித்வாருக்கு நாலைந்து மணி நேரம், ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. டெல்லியில் உடனே அடுத்த ரயிலைப் பிடிக்கிற மாதிரி போடாதீர்கள், வட இந்தியாவில் வண்டி தாமதமாவது சகஜம். விமானம் என்றால் மதுரை அல்லது திருச்சியிலிருந்து சென்னையோ டெல்லியோ மாறி டேராடூன் ஜாலி கிராண்ட், அது ரிஷிகேஷுக்குப் பக்கம்.

போகும்போது ரயில், வரும்போது விமானம் என்பது பெரியவர்களுக்கு நல்ல ஏற்பாடு. வரும்போதுதான் உடம்பு அசந்திருக்கும்.

ஊரிலிருந்தே வேன் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மலைச் சாலையை ஓட்டிப் பழகிய டிரைவர் வேண்டும், யாத்திரைக் காலத்தில் வாடகை வண்டிகளுக்குத் தனி அனுமதிச் சீட்டுகளும் உண்டு. ஹரித்வாரில் உள்ளூர் வண்டி பிடியுங்கள், விஷயம் முடிந்தது.

உடம்பைத் தயார் செய்வது

இதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிற ஊர் நம்முடையது, அதனால் பதினாறு கிலோமீட்டர் எல்லாம் ஒரு நடையா என்று தோன்றும். பழனி நடை தூரம், சமதரை. கேதார்நாத் உயரம். கௌரிகுண்ட் ஏறத்தாழ 1,980 மீட்டர், கேதார்நாத் 3,583 மீட்டர், ஒரே நாளில் 1,600 மீட்டர் மேலே போகிறீர்கள். நாம் வண்டியிலேயே போய் நின்று குளிர்ந்த தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்தான். காரைக்குடி நூறு மீட்டருக்குள். கோயில் இருக்கும் உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு இங்கே கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்.

எங்களோடு வந்த ஓர் ஆச்சி வருடம் தவறாமல் பழனிக்கு நடக்கிறவர். கௌரிகுண்டில் பேரன், “அப்பத்தா, குதிரை பிடிச்சிருவோமா?” என்று கேட்டதற்கு, “போடா, நான் பழனி நடந்தவ” என்று கம்பை ஊன்றிக் கிளம்பிவிட்டார். ஜங்கிள் சட்டி வரைக்கும் எங்களுக்கு முன்னால் போனார். பீம்பலி தாண்டியதும் பத்தடிக்கு ஒரு தடவை நிற்க ஆரம்பித்தார், கால் வலி இல்லை, மூச்சுதான். கடைசியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, “கால் போகச் சொல்லுது, நெஞ்சு வேணாங்குது” என்றார். அதற்குமேல் பிடிவாதம் பிடிக்காமல் குதிரையில் ஏறிவிட்டார், மேலே போய் நன்றாகத் தரிசனம் செய்தார்.

ஆகவே மூன்று மாதம் முன்னாலேயே தொடங்குங்கள். முதல் மாதம் தினமும் ஊருணிக் கரையைச் சுற்றி வேக நடை போதும். இரண்டாம் மாதம் படிகள், மாடி வீட்டில் ஏறி இறங்கினாலும் சரி, குன்றக்குடி மலையில் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கினாலும் சரி. மூன்றாம் மாதம் ஞாயிறுதோறும் பிரான்மலை. கொடுங்குன்றநாதரைக் கும்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் மேலே ஏறி இறங்குங்கள், முதுகில் மூன்று கிலோ பையோடு, மலைக்கு வாங்கிய அதே ஷூவோடு. புது ஷூவைக் கௌரிகுண்டில் முதல் தடவை மாட்டுகிறவர்கள் பாதி வழியில் கொப்புளத்தோடு செருப்புக்கு மாறுவார்கள்.

ஐம்பது தாண்டியவர்களும், ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், ஆஸ்துமா உள்ளவர்களும் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் டாக்டரைப் பாருங்கள், எத்தனை மீட்டர் என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வடக்கே கோயிலுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னால் அவரும் சரி போய்ட்டு வாங்க என்றுதான் சொல்வார். உயரத்துக்கான அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்பதையும் அவரே சொல்லட்டும், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று போடாதீர்கள். மேலே தலைவலியும் குமட்டலும் லேசாக வந்தால் உட்கார்ந்து தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள். வாந்தி நிற்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் கோயில் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, உடனே கீழே இறக்கணும். அதற்கு மருந்தே இறங்குவதுதான். வழியில் மருத்துவ முகாம்கள் இருக்கின்றன, கூச்சப்படாமல் போங்கள்.

மூட்டை கட்டுவது

குளிர் என்றால் நமக்கு மார்கழிதான் தெரியும். கேதார்நாத்தில் ஐப்பசி ராத்திரி பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், வைகாசியில்கூட மழை பெய்தால் கை விறைக்கும். ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட, உடம்போடு ஒட்டுகிற தெர்மல் உடுப்பு, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு நல்லது, வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். குரங்குக் குல்லா, கையுறை, மூன்று ஜோடி கம்பளி சாக்ஸ். மழைக்கோட்டு பேன்ட்டோடு சேர்ந்ததாக இருக்கட்டும், ஹரித்வாரில் விற்கிற பிளாஸ்டிக் மழையுறையை நம்பாதீர்கள், குதிரையில் ஏறி உட்கார்ந்ததும் கிழியும்.

ஆச்சிமார்களுக்கு ஒரு வார்த்தை. கண்டாங்கிச் சேலை நம் வெயிலுக்கு நெய்தது. நனைந்தால் அதன் கனம் இடுப்பை இழுக்கும், மேலே இரண்டு நாள் ஆனாலும் காயாது, குதிரையில் ஏறும்போது கரை அங்கவடியில் மாட்டும். ஏற்றத்துக்குச் சுடிதாரோ, டிராக் பேன்ட்டும் நீளச் சட்டையுமோ போட்டுக்கொள்ளுங்கள், சேலையைப் பையில் வைத்துக்கொண்டு மேலே போய்க் கட்டிக்கொண்டு சன்னதிக்குப் போகலாம். வேட்டிக்காரர்களுக்கும் இதேதான்.

சாப்பாடு வழியெல்லாம் சைவம்தான், ஆலு பராத்தா, ராஜ்மா சாதம், கிச்சடி, மேகி எல்லாம் கிடைக்கும். மூன்றாம் நாள் பெரியவர்களுக்குப் பராத்தா தொண்டையில் இறங்காது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, இட்லிப்பொடி எடுத்துப் போனால் எந்தக் கடையிலும் வெறும் சாதம் வாங்கிப் பிசைந்துகொள்ளலாம். நார்த்தங்காய் ஊறுகாய் கண்டிப்பாக வேண்டும், வளைவுகளில் குமட்டும்போது வாயில் ஒரு துண்டு போட்டால் அடங்கும். தேன்குழலும் சீப்புச்சீடையும் நொறுங்காமல் டப்பாவில். டார்ச், பவர் பேங்க், வழக்கமான மாத்திரைகள் இரண்டு மடங்கு, அதில் ஒரு பங்கு இன்னொருவர் பையில். ரொக்கம் ஹரித்வாரிலேயே எடுத்துவிடுங்கள், மலையில் ஏடிஎம்மையும் ஃபோன் பேயையும் நம்பி ஏறாதீர்கள்.

இந்தி தெரியாவிட்டாலும் சமாளிக்கலாம். ருக்கோ என்றால் நில்லு, தீரே என்றால் மெதுவாக, கரம் பானி என்றால் வெந்நீர், கித்னா என்றால் எவ்வளவு. குதிரைக்காரரிடம் தீரே தீரே என்பதை ஒரு நாளில் நிறையத் தடவை சொல்வீர்கள்.

ஏற்றமும் தரிசனமும்

குதிரை, டோலி, முதுகில் கூடையில் தூக்கிப் போகும் கண்டி எல்லாவற்றுக்கும் அரசு கட்டணம் வைத்திருக்கிறது. கவுண்ட்டரில் சீட்டு வாங்கி ஏறுங்கள், வழியில் பேரம் பேசிப் பிடித்தால் பாதி வழியில் அதிகப் பணம் கேட்பார்கள். ஒரு குடும்பத்தில் நாலு பேர் குதிரையில் போனால் நாலும் நாலு வேகத்தில் போகும், மேலே எங்கே சந்திப்பது என்று முன்னாலேயே ஓரிடம் பேசிக்கொள்ளுங்கள். நடக்கிறவர்கள் எப்போதும் மலைச்சுவர்ப் பக்கமாக நடங்கள், பள்ளத்தாக்குப் பக்கம் நடந்தால் குதிரை உரசித் தள்ளிவிடும். குதிரைமேல் இருக்கிறவர்கள் ஏற்றத்தில் முன்னால் குனியணும், இறக்கத்தில் பின்னால் சாயணும். காலை ஆறு மணிக்குள் நடையைத் தொடங்கிவிட்டால் மதிய மழைக்கு முன் முக்கால்வாசி முடிந்துவிடும். லிஞ்சோலி வந்தபிறகு முடியவில்லை என்றால் அங்கேயே தங்குங்கள், கோயில் எங்கேயும் போய்விடாது.

கேதார்நாத்தில் காலையில் உள்ளே போய் லிங்கத்தைத் தொட்டு நெய் தடவிக் கும்பிடலாம், கூட்டம் மிகுந்த நாட்களில் அதை நிறுத்திவிடுவார்கள். மாலையில் அலங்காரத்தில் தள்ளி நின்று பார்ப்பதுதான். நம் சிவலிங்க வடிவத்தை எதிர்பார்க்காதீர்கள், முக்கோணமாக எழுந்த பாறை அது. இங்கே ராவல் என்னும் தலைமைக் குரு கர்நாடக வீரசைவ மரபில் வருகிறவர், பத்ரிநாத்தில் ராவல் கேரளத்து நம்பூதிரி. இமயத்தின் இரண்டு கோயிலிலும் தெற்கத்திக்காரர் தலைமை என்பது நமக்குக் கொஞ்சம் சொந்த உணர்வைத் தரும், அதை வைத்துச் சிறப்புத் தரிசனம் எல்லாம் கிடைக்காது.

பத்ரிநாத்தில் முதலில் தப்த குண்டத்தில் குளியல். வெளியே பனிக்காற்று, தொட்டியில் கை வைத்தால் சுடும் தண்ணீர். சொம்பால் மொண்டு காலில், அப்புறம் இடுப்பில் என்று ஊற்றிப் பழகிவிட்டு இறங்குங்கள், பெரியவர்கள் நீண்ட நேரம் உட்கார்ந்தால் தலை சுற்றும். பிரம்மகபாலத்தில் பிண்டம் கொடுக்க நினைக்கிறவர்கள் மூன்று தலைமுறைப் பெயர்களை ஊரிலேயே பெரியவர்களிடம் கேட்டு எழுதி வந்துவிடுங்கள், அங்கே நின்று கொள்ளுப்பாட்டி பெயருக்காகக் காரைக்குடிக்குப் போன் போட்டால் சிக்னல் கிடைக்காது.

ஆற்றில் இறங்குவது

நம் ஊருணியிலும் ராமேசுவரம் அக்னி தீர்த்தத்திலும் குளித்துப் பழகியவர்களுக்குக் கங்கையின் இழுப்பு புரியாது. ஹரித்வாரில் முழங்கால் தண்ணீரே காலைத் தட்டிவிடும். படித்துறையில் சங்கிலி போட்டிருப்பது பிடித்துக்கொள்வதற்குத்தான், மூக்கைப் பிடித்து முங்கினாலும் ஒரு கை சங்கிலியை விடக்கூடாது. ஒருவர் கரையிலேயே பைகளோடு நிற்கட்டும், முறை வைத்துக் குளியுங்கள். தேவப்பிரயாகையில் ரகுநாதரைச் சேவித்துவிட்டுச் செங்குத்தான படிகளில் இறங்கினால் சங்கமம். பாகீரதி ஒரு நிறம், அலக்நந்தா ஒரு நிறம், இரண்டும் சேரும் கோடு கண்ணுக்கே தெரியும், கங்கை என்ற பெயர் அந்த இடத்திலிருந்துதான். அங்கே இழுப்பு இன்னும் மோசம். சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டால் போதும். அதில் புண்ணியம் குறையாது.

ராமேசுவரத்துக்குக் கங்கை நீர் கொண்டுவருகிற வழக்கம் உள்ளவர்கள், செம்புச் சொம்பையோ கேனையோ ஹரித்வாரில் கடைசி நாள் வாங்குங்கள், முதல் நாள் வாங்கி மலையெல்லாம் சுமக்காதீர்கள். மூடியை நன்றாக அடைத்து, பாலித்தீன் பையில் சுற்றி, விமானத்தில் கைப்பையில் இல்லாமல் செக்-இன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள். ஊர் வந்து ஒரு வாரம் கால்வலி ஆறியதும் காரைக்குடியிலிருந்து ராமேசுவரம் ரயில் ஏறி, கோயில் அலுவலகத்தில் கங்காபிஷேகத்துக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்துவிடலாம். காலையிலேயே போய்விடுங்கள், உச்சிக்காலத்துக்கு நடை சாத்திவிட்டால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கணும்.